பசிபிக் தீவுகளில் பாய்மரப் பயணம்: பெருங்கடலைவிடக் கரைதான் கடினம்

கேள்வி கேட்டிருப்பவர்கள் சென்னையில் வசிக்கும், ஐம்பதை நெருங்கும் கணவனும் மனைவியும். துறைமுகத்துக்குள் சிறிய பாய்ப்படகுகளை ஓட்டிப் பழகியவர்கள். நாற்பதடிப் படகு ஒன்றைப் பனாமாவில் வாங்கி, பிரெஞ்சு பாலினேசியா (தென்பசிபிக்கில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட மார்க்கேசஸ், துவாமோட்டு, சொசைட்டி முதலிய தீவுக்கூட்டங்கள்) வழியாக ஓர் ஆண்டு பயணம் செய்ய விரும்புகிறார்கள். அவர்கள் கேட்டதன் சாரம் இது: "காலாப்பகஸ் தீவுகளுக்கும் மார்க்கேசஸ் தீவுகளுக்கும் இடையில் நிலமே கண்ணில் படாத 3,000 கடல் மைல்கள்தான் எங்களை அச்சுறுத்துகின்றன. அதைக் கடந்துவிட்டால் பிறகு தீவுக்குத் தீவு நிம்மதியாகப் போகலாம் அல்லவா? எதற்கு அதிகமாகத் தயாராக வேண்டும்?"

நண்பர் ஒருவரின் 41 அடிப் படகில் இரண்டு பருவங்கள் உடன் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அச்சம் நியாயமானது, ஆனால் நீங்கள் அதை வைத்திருக்கும் இடம் தவறு. ஆழ்கடலில் மோதுவதற்கு எதுவும் இல்லை. படகுகள் பெரும்பாலும் உடைவது கடைசி ஒரு மைலில், அதுவும் தீவைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான்.

பெருங்கடல் பகுதியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலாப்பகஸை விட்டுத் தெற்கு நோக்கி இறங்கினால் சில நாட்களில் தென்கிழக்கு வியாபாரக் காற்று கிடைத்துவிடும். அதன்பின் 15 முதல் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் அந்தக் காற்று உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசிக்கொண்டே இருக்கும். உங்கள் அளவுப் படகுக்கு 18 முதல் 25 நாட்கள் ஆகலாம். காற்றின் திசைக்கேற்பத் தானாகச் சுக்கானைத் திருப்பும் விசிறி அமைப்பு ஒன்று இருந்தால், கையால் சுக்கான் பிடிக்கும் வேலை ஏறக்குறைய இராது. இருவர் மட்டுமே என்பதால் இரவை மூன்று அல்லது நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரித்துக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் வரை உடல் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். அங்கே உண்மையான எதிரி புயலன்று, உரசல். படகு இடமும் வலமும் ஓயாமல் ஆடுவதால், ஒரு கயிறு கப்பியின் விளிம்பில் ஒரே இடத்தில் ஒரு நாளில் பல்லாயிரம் முறை உரசுகிறது. நேற்று நன்றாக இருந்த கயிறு இன்று நூலாகத் தொங்கும். எனவே தினமும் காலையில் மேல்தளத்தை ஒரு சுற்று நடந்து, கயிறுகளைக் கையால் தடவிப் பார்த்து, உரசும் இடத்தை ஒரு சாண் மாற்றிவிடுங்கள். சூரியன் மறையுமுன் பாயின் பரப்பைக் குறைத்துவிடுங்கள். நள்ளிரவில் மழையோடு வரும் திடீர்ச் சூறையில், தூக்கக் கலக்கத்தோடு அந்த வேலையைச் செய்ய நேரக்கூடாது. இவற்றைச் செய்தால் அந்த மூன்று வாரங்கள் சலிப்பாகக்கூட இருக்கலாம்.

முதலில் தெரியும் மார்க்கேசஸ் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை அரண் அநேகமாகக் கிடையாது. அதனால் நுழைவது எளிது. அதே காரணத்தால் கடலின் நெடிய அலைகள் குடாவுக்குள் தடையின்றி வந்து, நங்கூரமிட்ட படகைத் தொட்டில்போல் ஆட்டும். ஹிவா ஓவா தீவின் அட்டுவோனாவில் இடம் குறைவு என்பதால், அணியம் எனப்படும் முன்முனையில் ஒன்றும் பின்புறத்தில் ஒன்றுமாக இரண்டு நங்கூரங்கள் போட்டு, எல்லாப் படகுகளும் ஒரே திசையில் நிற்பது வழக்கம். ஓவியர் கோகானின் கல்லறை அந்த ஊர் மேட்டில்தான் இருக்கிறது. ஃபட்டு ஹிவாவின் ஹனவாவே குடா கண்ணுக்குப் பேரழகு. ஆனால் பள்ளத்தாக்கின் வழியே திடீரென இறங்கும் காற்று, சரியாகப் பதியாத நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். கடிகாரத்தையும் மாற்ற வேண்டும்: தலைநகர் இருக்கும் தாஹிட்டிக்கும் மார்க்கேசஸுக்கும் அரை மணி நேர வேறுபாடு உண்டு. ஒரே ஆட்சிப் பகுதிக்குள் இருக்கும் இந்த அரை மணியை மறந்து, அலுவலகம் மூடியபின் போய் நிற்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. நாங்களும் நின்றோம்.

நீங்கள் உண்மையாகத் தயாராக வேண்டியது அடுத்து வரும் துவாமோட்டு தீவுக்கூட்டத்துக்குத்தான். மார்க்கேசஸிலிருந்து ஏறக்குறைய 500 கடல் மைல், நான்கைந்து நாள் பயணம். முன்பு எரிமலையாக இருந்த தீவு மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதன் விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் நீர்மட்டத்தோடு ஈடுகொடுத்து மேலே வளர்ந்துகொண்டே வந்ததால் எஞ்சிய வளையம்தான் அடோல். டார்வின் 1842-இல் சொன்ன விளக்கம் இது. வளையத்தின் நடுவே காயல், வெளியே சட்டென்று ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். வளையத்தின் மேலுள்ள நிலம் இரண்டு மூன்று மீட்டர் உயரம்தான். தொலைவிலிருந்து முதலில் தெரிவது தென்னை மரங்களின் உச்சி. அதுவும் எட்டுப் பத்து மைலுக்குள் வந்த பிறகு, பகலில், மழையில்லாதபோது. தென்னையில்லாத பகுதியில் வெறும் பாறைத் தட்டு மட்டும் நீர்மட்டத்தில் கிடக்கும். 1768-இல் அவ்வழியே சென்ற பிரெஞ்சுக் கடற்பயணி பூகன்வில் இதை ஆபத்தான தீவுக்கூட்டம் என்றே அழைத்தார். 1947-இல் பெருவிலிருந்து புறப்பட்ட கோன்-டிக்கி மரத்தெப்பம் 101 நாட்கள் மிதந்துவந்து மோதி நின்றதும் இங்குள்ள ராரோயியா அடோலின் பாறையில்தான்.

இன்று ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அது சொல்லும். பாறை எங்கே இருக்கிறது என்பதை வரைபடம்தான் சொல்ல வேண்டும், அந்த வரைபடம் எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் இல்லை. மின் வரைபடத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. திரையைச் சிறிதாக்கிப் பார்த்தால் சிறிய திட்டுகள் மறைந்துபோகும். 2014-இல் உலகைச் சுற்றும் பந்தயப் படகு ஒன்று, அனுபவம் மிக்க மாலுமிகளோடு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டின் மீது இரவில் முழு வேகத்தில் ஏறியது. வரைபடத்தைத் தேவையான அளவு பெரிதாக்கிப் பார்க்காததே முதன்மைக் காரணம். ஆகவே புறப்படுமுன்னரே, போகும் பாதை முழுவதையும் மிகப் பெரிய அளவில் வைத்து, விரலால் தடவுவதுபோல ஒரு முறை பார்த்துவிடுங்கள். செயற்கைக்கோள் படங்களையும் இணையம் கிடைக்கும் இடத்திலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காயலுக்குள் அவை பல வரைபடங்களைவிட மேல்.

பாலினேசியத் தீவினரின் முன்னோர் இவை எதுவுமின்றி இதே அடோல்களைக் கண்டுபிடித்துப் போய்வந்தார்கள். 1976-இல் மைக்ரோனேசியாவின் சடவால் தீவைச் சேர்ந்த மாவ் பியாய்லுக், ஹவாயிலிருந்து ஹோகுலேயா என்னும் இரட்டையுடல் படகைக் கருவிகள் எதுவும் இன்றி, நட்சத்திரங்களையும் அலைகளின் போக்கையும் மட்டும் கொண்டு தாஹிட்டிக்குச் செலுத்தினார். வழியில் முதலில் கண்ட கரை துவாமோட்டுவின் மட்டாயிவா அடோல். மாலையில் கரைக்குத் திரும்பும் வெண்ணிற ஆலாப் பறவைகளும், காயலின் பச்சை நிறம் மேகத்தின் அடிப்பகுதியில் படிவதும் அவர்களுக்குத் தீவைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள். அந்தப் பச்சையை நானும் ஒரு முறை பார்த்தேன். நண்பர் சுட்டிக்காட்டியிராவிட்டால் கவனித்திருக்க மாட்டேன்.

அடோலுக்குள் நுழைவதற்கு வளையத்தில் ஒன்றிரண்டு வாய்கள் மட்டுமே இருக்கும். சில அடோல்களில் அதுவும் இல்லை. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் காயலின் நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். எனவே ஐந்தாறு நாட் வேகத்தில் நீரோட்டம் இருப்பது அரிதன்று. உங்கள் படகின் எஞ்சின் முழு விசையில் தரக்கூடியதும் ஏறக்குறைய அவ்வளவே. வெளியேறும் நீர் எதிர்க்காற்றைச் சந்திக்குமானால், வாயின் முன்னால் நின்ற இடத்திலேயே செங்குத்தாக எழும் அலைகள் உருவாகும். உள்ளே போகவும் முடியாமல், திருப்பவும் இடமில்லாமல் அதில் மாட்டிக்கொள்வதைவிட வெளியே ஒரு நாள் காத்திருப்பது எவ்வளவோ மேல்.

ஓத அட்டவணையைப் பார்த்து, நீரோட்டம் நின்று திரும்பும் அந்த அரை மணியில் நுழையலாமே என்று தோன்றும். பாதி சரி. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தெற்குப் பெருங்கடலிலிருந்து வரும் நெடிய அலைகள் அடோலின் தெற்குப் பாறைத்தட்டைத் தாண்டி இரவும் பகலும் காயலுக்குள் நீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீரும் வாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சில நாட்கள் தொடர்ந்து தெற்கிலிருந்து பெரிய அலை வந்திருந்தால், அட்டவணை என்ன சொன்னாலும் நீரோட்டம் உள்நோக்கித் திரும்பாமலே போகலாம், வேகம் சற்றுக் குறைவதோடு சரி. ஆகவே அட்டவணையோடு, கடந்த மூன்று நாட்களின் அலை உயரத்தையும் பார்த்துக் கணக்கிடுங்கள். பிறகு வாய்க்கு வெளியே நின்று தொலைநோக்கியால் கால் மணி நேரம் வெறுமனே பாருங்கள். நீரின் முகம் சொல்வதை எந்தக் கணக்கும் சொல்லாது. முதன்முதலில் நுழைபவர்களுக்கு ஃபகராவாவின் வடக்கு வாயான கருவாயே ஏற்றது. அகலமும் ஆழமும் தாராளமாக இருப்பதால், கணக்கு சற்றுத் தவறினாலும் மன்னிக்கும். ரங்கிரோவாவின் திப்பூட்டா அப்படியன்று.

நீரோட்டத்தோடு வெயிலும் பொருந்திவர வேண்டும். காயலுக்குள் ஆழமான நீரின் நடுவே, எச்சரிக்கையே இல்லாமல், முப்பது மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை எழுந்து நிற்கும் பவளத் திட்டுகள் இருக்கின்றன. சூரியன் உச்சிக்கு அருகிலும் உங்கள் முதுகுப் பக்கத்திலும் இருந்தால் அவை பளிச்சென்று தெரியும். கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், மஞ்சளாகத் தெரிந்தால் கவனம், பழுப்பாகத் தெரிந்தால் நிறுத்தம். சூரியன் முன்னால் இருந்தால் நீர் முழுவதும் வெள்ளித் தகடாகிவிடும், எதுவும் தெரியாது. எனவே காலை பத்து மணிக்கு முன்பும் பிற்பகல் மூன்றுக்குப் பின்பும் காயலுக்குள் நகராதீர்கள், கிழக்கு நோக்கிப் போவதானால் நண்பகலுக்குப் பிறகு போங்கள். ஒருவர் அணியத்தில், முடிந்தால் இன்னும் உயரமாக ஏறி, கண்கூச்சத்தை வெட்டும் போலராய்டு கண்ணாடியோடு நிற்க வேண்டும். மற்றவர் சுக்கானில். கூச்சலிட்டுப் பேசினால் காற்றில் கேட்காது, கோபம்தான் வளரும். கைச்சாடைகளை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு மேகத்தின் நிழல்கூடப் பாறைபோலவே தெரியும். சந்தேகம் வந்தால் பாறை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு கட்டாயங்களால்தான் அடோல்களுக்கிடையே பயணம் வினோதமாக இருக்கிறது. விரைவாகப் போவதைவிடத் தாமதமாகப் போவதே இங்கே கற்க வேண்டிய திறமை. மாலை ஐந்து மணிக்குத் தீவு தெரிகிறது, காயலுக்குள் அமைதியான நீர் தெரிகிறது, நான்கு நாள் தூக்கம் பாக்கி இருக்கிறது. அந்த நிலையில் படகைத் திருப்பி, பாயைக் குறைத்து, தீவிலிருந்து விலகி இரவு முழுவதும் கடலில் ஆடிக்கொண்டு நிற்கும் மனவலிமையைத்தான் நீங்கள் இருவரும் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போய் நங்கூரம் போட்டாயிற்று என்றால் வேலை முடிந்துவிடுவதில்லை. அடியில் மணல் இருந்தாலும் அதன் நடுவே பவளத் திட்டுகள் சிதறிக் கிடக்கும். காற்று திசை மாறி மாறிப் படகைச் சுழற்றும்போது சங்கிலி அவற்றில் சுற்றிக்கொள்ளும். ஃபகராவாவின் ரோட்டோவா ஊருக்கு முன்னால் நாங்கள் நின்றிருந்தபோது இப்படித்தான் ஆயிற்று. பத்து மீட்டர் ஆழத்தில் நாற்பது மீட்டர் சங்கிலி விட்டிருந்தோம், போதுமானது என்று நிம்மதியாக இருந்தோம். நள்ளிரவுக்குப் பின் காற்று கிழக்கிலிருந்து வடக்குக்கும், பிறகு மேற்குக்கும் சுற்றி வந்தது. மாலை வரை எங்களைக் காத்த கரை, இப்போது நாங்கள் அடித்துச் செல்லப்படக்கூடிய கரையாகிவிட்டது. காயலின் முழு அகலத்தையும் கடந்து வந்த அலைகள் ஒரு மீட்டருக்கும் மேல் எழுந்தன. சங்கிலியோ இரண்டு திட்டுகளைச் சுற்றி, பதினைந்து மீட்டராகச் சுருங்கிவிட்டிருந்தது. அணியம் அலையோடு மேலே எழ முடியாமல் வெட்டி வெட்டி இழுத்தது. அதிர்ச்சியைத் தாங்குவதற்காகக் கட்டியிருந்த நைலான் கயிறு துப்பாக்கி வெடித்ததுபோல அறுந்தது. இருட்டில் சங்கிலியை அவிழ்க்க வழியில்லை. எஞ்சினை ஓட்டிச் சங்கிலியின் இழுவையைக் குறைத்தபடி விடியும்வரை மாறி மாறிச் சுக்கானில் நின்றோம்.

மறுநாள் பக்கத்துப் படகுக்காரர் கற்றுத்தந்த முறை இது. நங்கூரத்தை மணலில் பதித்து, முதல் பதினைந்து இருபது மீட்டர் சங்கிலியை மணலிலேயே கிடக்க விட்டபின், அடுத்த பகுதியில் சில மீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று மிதவைகளைக் கட்டிவிட வேண்டும். அவை சங்கிலியை நீரின் நடுவே தூக்கிப் பிடிப்பதால், அது பாறைகளின் தலைக்கு மேலாகச் சுழலும், உயிருள்ள பவளமும் உடையாது. கருமுத்துப் பண்ணைகளிலிருந்து அறுந்துவந்த பழைய மிதவைகள் கடற்கரையில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். தென்கிழக்குக் காற்று சீராக இருக்கும்வரை கிழக்குக் கரையோரம் எந்த மூலையும் நல்ல மூலைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 'மராமு' என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வலுத்த தென்கிழக்குக் காற்று வரும்போது, அதே ஃபகராவாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள ஹிரிஃபா போன்ற இடத்துக்கு முந்தைய நாளே, வெயிலிருக்கும்போதே போய்விட வேண்டும். வானிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைவிடத் திசை மாற்றத்தைக் கூர்ந்து பாருங்கள்.

கட்டமரான் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் போனது நம் கட்டுமரத்திலிருந்து. ஆனால் இன்று அப்பெயரால் விற்கப்படும் இரட்டையுடல் படகின் வடிவம், மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் தெப்பத்தின் வழி வந்ததன்று, பாலினேசியர்களின் இரட்டைத் தோணிகளுக்கே நெருக்கமானது. பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. வாங்க முடியுமானால் வாங்குங்கள். மார்க்கேசஸின் ஆட்டத்தில் அது தூங்கவிடும், நீருக்குள் குறைவாகவே இறங்கியிருப்பதால் திட்டுகளைத் தாண்டிய மணல்மேட்டில் நிறுத்தலாம். விலைதான் ஏறக்குறைய இருமடங்கு.

உணவைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை முக்கியமானது. ஆழ்கடலில் தூண்டிலில் சிக்கும் சூரையைத் தயங்காமல் சாப்பிடுங்கள். ஆனால் பாறைகளுக்கிடையே பிடிபடும் பெரிய கலவா, சீலா போன்ற மீன்களில் சிகுவாட்டெரா என்னும் நஞ்சு இருக்கலாம். இறந்த பவளத்தின் மேல் வளரும் பாசிகளில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அது தொடங்கி, சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னச் செறிவாகிறது. அந்த நுண்ணுயிருக்குப் பிரெஞ்சு பாலினேசியாவிலுள்ள காம்பியர் தீவுகளின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சுவையில் தெரியாது, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவதுபோல் உணர்வது அதன் தனிப்பட்ட அறிகுறி. ஒரு தீவில் பாதுகாப்பான மீன் அடுத்த தீவில் ஆகாததாக இருக்கும். அந்தந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் பாறை மீனைச் சட்டியில் போடாதீர்கள். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் பனாமாவிலேயே நிறைத்துக்கொள்ளுங்கள். அடோல்களில் காய்கறி கிடைப்பது, கொப்பரை ஏற்ற வரும் சரக்குக் கப்பலின் நாளைப் பொறுத்தது. மார்க்கேசஸில் ஈரப்பலாவும் பம்ப்ளிமாஸும் ஏராளம். ஈரப்பலாவை வெட்டி மிளகுப் பொரியலாகச் செய்தால் உருளைக்கிழங்கை மறந்துவிடுவீர்கள்.

தாஹிட்டி, மூரேயா, போரா போரா அடங்கிய சொசைட்டி தீவுகளில் வாய்களில் விளக்குகளும் மிதவைகளும் ஒழுங்காக இருக்கின்றன, கடைகளும் பழுதுபார்க்கும் பட்டறைகளும் உண்டு. அங்கே ஓதம் ஓரடி அளவுதான், அதுவும் நிலவைப் பின்பற்றாமல் சூரியனைப் பின்பற்றி, நாள்தோறும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியே உயர்கிறது.

நாட்காட்டியைப் பற்றி: தென்பசிபிக்கில் சூறாவளிப் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. பிரெஞ்சு பாலினேசியா பெரும்பாலான ஆண்டுகளில் தப்பிவிடும், நடுப் பசிபிக்கின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் வலுவான எல் நினோ ஆண்டுகளில் தப்பாமல் போகலாம். 1982-83 பருவத்தில் ஐந்துக்குக் குறையாத சூறாவளிகள் அங்கே வந்தன. மார்ச் இறுதியில் காலாப்பகஸை விட்டு, மே மாதத்தை மார்க்கேசஸிலும், ஜூனைத் துவாமோட்டுவிலும், ஜூலையைச் சொசைட்டி தீவுகளிலும் கழித்து, பிறகு நியுவே, டோங்கா வழியாக மேற்கே போய், நவம்பரில் நியூசிலாந்துக்கு இறங்குவது பெரும்பாலோர் வழி. பிஜிக்குப் போவதானால், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் வழிவந்தோர் பேணும் முருகன் கோயில் நாடியில் இருக்கிறது. மூன்று மாத உப்புக்காற்றுக்குப் பிறகு அங்கே கிடைத்த சாம்பாரை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா பொதுவாகப் பிரெஞ்சு பாலினேசியாவுக்குச் செல்லாது. அந்தப் பகுதிக்கென்றே தனியாக விசா கேட்டு வாங்க வேண்டும். 90 நாட்களுக்கு மேல் தங்குவதானால் நீண்டகால விசாவுக்குப் புறப்படுமுன்னரே இந்தியாவிலிருந்து விண்ணப்பியுங்கள். நடுக்கடலில் இதைச் சரிசெய்ய வழியில்லை.

படகு வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ராயாட்டியா தீவில் பாய்மரப் படகுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அந்தத் தீவும் பக்கத்துத் தாஹா தீவும் ஒரே காயலுக்குள் இருப்பதால், வெளிக்கடலுக்குப் போகாமலே பல நாட்கள் சுற்றலாம். இரண்டு வாரம் எடுத்து, ஒவ்வொரு நாளும் காலை பத்து மணிக்கு மேல் ஒருவர் அணியத்திலும் ஒருவர் சுக்கானிலுமாக நின்று, நிறத்தை மட்டும் பார்த்து ஆழத்தைச் சொல்லிப் பழகுங்கள். சொன்னபின் ஆழமானியைப் பாருங்கள். அணியத்தில் நிற்பவர் சொல்லும் ஆழமும் கருவி காட்டும் ஆழமும் நாலைந்து நாட்கள் தொடர்ந்து ஒரு மீட்டருக்குள் ஒத்துவந்த பிறகு, இடம் மாறி நின்று மற்றவரும் பழக வேண்டும்.